ஊர் நம்பரை விடலாமா? அக்காவின் கேள்வி – பதில் பக்கம்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வெளிநாடு போகிறவர்கள் ஊர்ப் போன் நம்பரை என்ன செய்வது? போகப்போகிறவர்கள் கேட்கிறார்கள், போய்ப் பல வருடம் ஆனவர்கள் கேட்கிறார்கள், அவர்களுடைய அம்மாமாரும் கேட்கிறார்கள். அதனால் காணிக் கேள்விகளையும் சமையல் கேள்விகளையும் அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, முழுப் பக்கத்தையும் இதற்கே தருகிறேன். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட நீண்ட காலம் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தவள் நான். சிம் விற்றதும் ரீலோட் போட்டதும், அதற்கு முன்னால் வெளிநாட்டுக் கோல் எடுத்துக் கொடுத்ததும் அந்தக் கடையில்தான். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் உப்புவெளி. தாதியாக வேலை கிடைத்து அடுத்த மாதம் லண்டன் போகிறேன். ஏ.எல். படிக்கிற காலத்தில் அப்பா வாங்கித் தந்த 077 நம்பர்தான் இன்றுவரை என்னிடம் இருக்கிறது. வங்கி, வட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் அதில்தான். "அங்கே போனதும் புது நம்பர் வரும்தானே, இதை வெட்டிவிட்டுப் போ" என்கிறார் மாமா. எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, வெட்ட வேண்டாம். மாமா சொல்வது கோல் பேசுவதற்கு மட்டும் நம்பர் வைத்திருந்த காலத்துக்குச் சரி. இன்றைக்கு உங்கள் வங்கிக் கணக்கில் காசு மாற்றுவதென்றாலும், மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றுவதென்றாலும், அந்த 077க்குத்தான் ஓடிபி, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகிற இரகசிய எண், வரும். நம்பர் போனால் அந்த வாசல்கள் எல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். லண்டனில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாகத் திறப்பது பெரிய சிரமம்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அந்த சிம் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது? அப்பா வாங்கித் தந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அப்பாவின் அடையாள அட்டையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளின் சிம் அப்படித்தான், சில பேருடையது கடைக்காரர் பெயரிலும் இருக்கும். போகமுன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, இருவரின் அடையாள அட்டையோடும் நிறுவனத்தின் கிளைக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். ஊரில் இருக்கும்போது இது ஒரு காலைப்பொழுது வேலை. அங்கே போன பிறகு சிம் தொலைந்தால், புது சிம் தருவதற்கு நிறுவனம் தேடுவது பதிந்தவரைத்தான். அந்தப் பெயர் உங்களுடையதாக இல்லாவிட்டால் உங்கள் நம்பர் என்று எப்படிக் காட்டுவீர்கள்?

அப்புறம் போன். இரண்டு சிம் போடக்கூடியதாக ஒன்றைக் கொண்டுபோங்கள். ஐபோன் என்றால் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடக்கம் பெரும்பாலான மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் சிம்மும் ஒரு ஈ-சிம்மும் (போனுக்குள்ளேயே பதிகிற, கழற்ற முடியாத சிம்) சேர்ந்து வேலை செய்யும். இங்கே என் அபிப்பிராயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் ஊர் நம்பரை ஈ-சிம் ஆக மாற்றிக்கொண்டு போகிறார்கள், தொலையாது என்ற நம்பிக்கையில். நான் மறுபக்கம் சொல்வேன். ஊர் நம்பர் பிளாஸ்டிக் சிம்மில் இருக்கட்டும், லண்டன் நம்பரை ஈ-சிம்மில் எடுங்கள். போன் விழுந்து உடைந்தால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி, கூட வேலை செய்யும் பிள்ளையின் போனில் போட்டுக்கூட ஓடிபி பார்க்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஈ-சிம் என்றால் புதிதாகப் பதிய நிறுவனத்தின் உதவி வேண்டும், நீங்கள் இருப்பதோ லண்டனில். லண்டன் நம்பரின் ஈ-சிம் பழுதானால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். அமெரிக்கா போகிற பிள்ளைகள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐபோன் 14 தொடக்கம் அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களில் பிளாஸ்டிக் சிம் போடும் இடமே கிடையாது. அங்கே போய் வாங்கலாம் என்று இருந்தால் ஊர் சிம் கையில் சும்மா இருக்கும்.

ரோமிங்கை, அதாவது ஊர் சிம் வெளிநாட்டு நெட்வேர்க்கிலும் பிடிக்கிற வசதியை, ஊரில் இருக்கும்போதே திறந்துவிடுங்கள். ப்ரீபெய்ட் நம்பராக இருந்தால் ரோமிங் இருக்கிறதா, லண்டனில் எந்த நெட்வேர்க்கில் பிடிக்கும் என்று கிளையிலேயே கேட்டு, உங்கள் கண்முன்னால் போடச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு எடுக்கமாட்டார்கள். வருகிற கோலை எடுத்தால் காசு போகும், அதுவும் நல்ல காசு. ஆகவே அந்த நம்பருக்கு யார் எடுத்தாலும் அங்கே பேச வேண்டாம், வட்ஸ்அப்பில் திருப்பி எடுங்கள். விமானம் ஏறமுன் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை நிறுத்திவிடுங்கள்.

பலருக்குத் தெரியாமல் காசு கழிகிற இடம் கோல் திசைதிருப்பல், அதாவது உங்களுக்கு வருகிற கோலை இன்னொரு நம்பருக்கு அனுப்புகிற ஏற்பாடு. ஊரில் யாரோ உங்கள் 077க்கு எடுக்கிறார். கோல் கடல் கடந்து லண்டனுக்கு வருகிறது. நீங்கள் எடுக்கவில்லை. திசைதிருப்பல் போட்டிருந்தால் அந்தக் கோல் லண்டனில் இருந்து திரும்ப இலங்கைக்கு, வொய்ஸ்மெயிலுக்கோ அம்மாவின் நம்பருக்கோ போகும். போன தூரத்துக்கும் காசு, திரும்பிய தூரத்துக்கும் காசு, நீங்கள் ஒரு சொல்லும் பேசியிருக்கமாட்டீர்கள். ஊரில் இருக்கும்போதே ##002# என்று அடித்தால் எல்லாத் திசைதிருப்பலும் நீங்கிவிடும்.

ப்ரீபெய்ட் நம்பர் பாவிக்காமல் கிடந்தால் நிறுவனம் அதை நிறுத்தும், பிறகு வேறு ஆளுக்கு விற்கும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கும் பெக்கேஜுக்கும் ஏற்ப மாறும். அதனால் கிளையில் இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒரு தடவை ரீலோட் போட வேண்டும்? ரீலோட் மட்டும் போதுமா, அல்லது அந்த நம்பரில் இருந்து ஒரு கோலோ எஸ்எம்எஸ்ஸோ போகவும் வேண்டுமா? இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மாதாமாதம் ரீலோட் போட்டும் நம்பர் போய்விட்டதே என்று கடைக்கு வந்து அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

வங்கிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வெளிநாட்டு நம்பரைப் பதிவார்களா, ஓடிபியை மின்னஞ்சலுக்கு அனுப்ப முடியுமா, போனில் இருக்கிற அவர்களுடைய செயலியிலேயே அனுமதி கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். வங்கிக்கு வங்கி பதில் வேறுபடும். ஜிமெயில், பேஸ்புக் போன்றவற்றில் எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக 'ஒதென்டிகேட்டர்' செயலி போடலாம். அது போனுக்குள்ளேயே எண்ணை உருவாக்கித் தரும், சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். அதோடு தருகிற மாற்று எண்களைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். நம்பர் இல்லாமலும் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் இப்படி நகர்த்திவிட்டால், நம்பரைக் கட்டாயம் கேட்கிற ஒன்றிரண்டு விஷயத்துக்கு மட்டும் அது மிஞ்சும். அதுதான் பாதுகாப்பு.

வட்ஸ்அப்பை மாற்ற அவசரப்பட வேண்டாம். 077இலேயே லண்டனிலும் ஓடும், வட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு-படி பின் எண்ணை (நீங்களே வைக்கிற இரகசிய எண்) மட்டும் இன்றைக்கே போடுங்கள். ஒரு சின்ன வேலை மிச்சம். போனில் சேமித்திருக்கிற ஊர் நம்பர்களை எல்லாம் +94 போட்டு, முன்னுக்கு இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். 077 என்று சேமித்தது லண்டன் சிம்மில் இருந்து அடித்தால் போகாது. நல்லபடி போய் வாருங்கள் தங்கச்சி.

கேள்வி: மகள், நான் சாம்பல்தீவில் இருக்கிறேன். மகன் டொரொண்டோவில். போகும்போது அவனுடைய சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போனான். வங்கியில் இருந்து நம்பர் வந்தால் அவன் கோல் எடுத்துக் கேட்பான், நான் வாசித்துச் சொல்வேன். நடுச்சாமத்திலும் எழும்ப வேண்டியிருக்கிறது. இப்போது புதிதாக ஒருவர் எடுத்து, "அம்மா, உங்கள் மகனின் வங்கியில் இருந்து பேசுகிறோம், இப்ப வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்றார். பயத்தில் போனை வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?

பதில்: அம்மா, நூற்றுக்கு நூறு சரி. அந்த ஆள் வங்கியும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்த வங்கியும் அந்த நம்பரைக் கேட்டு உங்களுக்குக் கோல் எடுக்காது. அந்த நேரம் அந்த போனுக்கு ஒரு நம்பர் உண்மையாகவே வந்திருந்தால், யாரோ மகனின் கணக்குக்குள் நுழையப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மகனிடம் சொல்லி, வங்கி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற நம்பருக்கு இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

இனி நான் எழுதுவது மகனுக்கு. அம்மா, இதை அவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

தம்பி, ஓடிபி வருகிற ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸிலும் இதை யாரோடும் பகிர வேண்டாம் என்று வங்கி எழுதி அனுப்புகிறது. நீங்கள் அம்மாவுக்குப் பழக்கியிருப்பது அதற்கு நேர் எதிரான ஒன்றை. கோல் வந்தால், கேட்டால், வாசித்துச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் ஒரு தாயை இதற்குப் பழக்கிவிட்டு, இன்னொருவன் எடுக்கும்போது மட்டும் அவர் சொல்லக்கூடாது என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் அம்மா பயந்து போனை வைத்ததால் தப்பினீர்கள். எத்தனையோ வீட்டில், "மகன் அவசரத்தில் யாரிடமோ சொல்லி எடுக்கச் சொல்லியிருப்பான்" என்று நினைத்து வாசித்துவிடுகிறார்கள். பிறகு காசு போனதைவிட, "என்னால்தானே போனது" என்று அந்தத் தாய் சாப்பிடாமல் இருப்பதுதான் பெரிய கொடுமை. அந்தப் பாரத்தை அவர் தலையில் வைக்காதீர்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். உங்களுக்குப் பகல் ஒரு மணி என்றால் கோடையில் எங்களுக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. அந்த எண் சில நிமிடம்தான் செல்லும். வயதான ஒருவர் எழும்பி, லைட்டைப் போட்டு, கண்ணாடியைத் தேடி, சின்னத் திரையில் ஆறு இலக்கத்தையும் வாசிக்க வேண்டும். அதற்குள் எண் காலாவதியாகும், திரும்பவும் கேட்பீர்கள்.

சிம் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊரில் இருந்து யாராவது டொரொண்டோ வருவார்கள்தானே. மிளகாய்த்தூள் பார்சலோடு அந்த சிம்மையும் ஒரு கடித உறைக்குள் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், போனை அம்மாவே வைத்திருக்கட்டும். சிம் உங்கள் பெயரில் இருந்தால் ரோமிங்கைத் திறக்க நீங்களே நிறுவனத்தோடு பேசலாம், ஆனால் சிம் கிளம்பமுன் அதைச் செய்துவிடுங்கள். அதுவரைக்கும் அம்மாவோடு ஒரு ஒப்பந்தம் வையுங்கள். எண் தேவைப்பட்டால் நீங்கள் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி மட்டும் போடுவீர்கள், அம்மாதான் உங்களுக்குத் திருப்பி எடுப்பார், முகத்தைப் பார்த்த பிறகுதான் வாசிப்பார். எடுத்துக் கேட்கிற எவருக்கும், உங்கள் குரல் போலவே இருந்தாலும், அவர் சொல்லமாட்டார்.

அம்மா, சிம் போன பிறகும் அந்த ஆட்கள் உங்கள் சொந்த நம்பருக்கு எடுக்கக்கூடும். லொட்டரி விழுந்தது, பார்சல் வந்தது, மகன் பொலிஸில் பிடிபட்டான் என்று ஏதாவது சொல்வார்கள். இந்த முறை வைத்த மாதிரியே வைத்துவிடுங்கள். மரியாதை பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: அக்கா, நான் கிண்ணியா. கட்டாரில் டிரைவர் வேலை. வந்த பிறகு ஊர் நம்பருக்கு ரீலோட் போடவே இல்லை, வட்ஸ்அப் மட்டும் அந்த நம்பரில் ஓடிக்கொண்டு இருந்தது. போன கிழமை திடீரென்று வட்ஸ்அப் என்னை வெளியே தள்ளிவிட்டது. உம்மா அந்த நம்பருக்கு எடுத்தால் யாரோ சிங்களத்தில் பேசுகிறாராம். என் நம்பரை எப்படித் திருப்பி எடுப்பது?

பதில்: தம்பி, மனம் கஷ்டப்படும், ஆனாலும் நேராகச் சொல்கிறேன். அந்த நம்பர் இப்போது சட்டப்படி அவருடையது. நிறுவனம் உங்கள் இணைப்பை நிறுத்தி, நம்பரைத் திரும்ப விற்றிருக்கிறது. அவர் புது சிம் என்று காசு கொடுத்து வாங்கியவர். அவருக்குக் கோல் எடுத்து ஏச வேண்டாம், உம்மாவும் எடுக்க வேண்டாம். நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம், ஆனால் வேறு ஒருவரின் பெயரில் பதிந்த பிறகு திருப்பித் தருவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

நடந்தது என்னவென்றால், வட்ஸ்அப் நம்பரைச் சரிபார்ப்பது முதல் நாள் மட்டும்தான். அதன் பிறகு சிம் செத்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஆகவே நம்பர் போனது உங்களுக்குத் தெரியவே இல்லை. புதியவர் தன் போனில் வட்ஸ்அப் போட்டதும் ஆறு இலக்க எண் அவருக்குப் போனது, அந்த நிமிடமே உங்களுடையது மூடிவிட்டது. நீங்கள் பழைய ஆட்களோடு பேசியவை அவருக்குப் போகாது, அவை உங்கள் போனில் இருந்தவை. ஆனால் நீங்கள் இருந்த குரூப்களில் இனிமேல் போடுகிற செய்திகள் அவருக்குப் போகலாம். குடும்பக் குரூப்பில் பெண்பிள்ளைகளின் படமும் வரும், வீட்டு விஷயமும் வரும். ஆகவே ஒவ்வொரு குரூப்பின் அட்மினுக்கும் சொல்லி, பழைய நம்பரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது வங்கி. உங்கள் கணக்கில் அந்த நம்பர்தான் இருக்கிறதென்றால், ஓடிபியும் மிச்சக் காசு பற்றிய எஸ்எம்எஸ்ஸும் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்றைக்கே வங்கியோடு பேசி அந்த நம்பரை நீக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு பேஸ்புக், ஜிமெயில். கட்டார் நம்பரில் புது வட்ஸ்அப் திறந்து, வாப்பாவின் போனிலும் உம்மாவின் போனிலும் அதை நீங்களே வீடியோ கோலில் சொல்லிச் சேமிக்க வையுங்கள். இல்லாவிட்டால் பழைய நம்பரில் இருந்து காசு கேட்டு ஒரு செய்தி வந்தால் உங்களுடையது என்றுதான் நினைப்பார்கள்.

தோஹாவிலும் றியாத்திலும் குவைத்திலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊர் சிம் செத்துவிட்டது, ஆனால் வட்ஸ்அப் இன்னும் அந்த நம்பரில் ஓடுகிறது என்றால் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. செட்டிங்ஸில் கணக்கு என்ற இடத்தில் 'நம்பரை மாற்று' என்று ஒன்று உண்டு. அதற்குப் பழைய சிம் தேவையில்லை, சரிபார்க்கும் எண் புது நம்பருக்குத்தான் வரும். குரூப்களும் கூடவே வரும். வேறு ஒருவர் அந்த நம்பரில் வட்ஸ்அப் போட்ட பிறகு இந்த வழி அடைபடும். ஆகவே இன்றைக்கு ட்யூட்டி முடிந்ததும் செய்துவிடுங்கள்.

கேள்வி: நான் உவர்மலையில் பிறந்து வளர்ந்து இப்போது மெல்பேர்னில் இருக்கிறேன். ஊர் சிம்மைப் பழைய நோக்கியா போனில் போட்டு லாச்சிக்குள் வைத்திருப்பேன். மாதம் ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன். 2024 கடைசியில் இருந்து சிக்னலே இல்லை. சிம் செத்துவிட்டதா?

பதில்: சிம்முக்கு முன்னால் போனைச் சந்தேகப்படுங்கள். அவுஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 அன்று 3ஜி என்ற பழைய நெட்வேர்க்கை மூடத் தொடங்கின, வோடபோன் அந்த வருடத் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. 2ஜி அதற்கு முன்பே போய்விட்டது. பழைய நோக்கியாவுக்குப் பிடிக்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. சிம்மை எடுத்து, 4ஜியில் கோலும் பேசக்கூடிய போன் ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இன்னும் சுலபமான வழி ஒன்று, ஊரில் இருக்கிற தங்கச்சியையோ மச்சானையோ அந்த நம்பருக்கு எடுக்கச் சொல்லுங்கள். தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று சொன்னால் நம்பர் இன்னும் உங்களுடையதாக இருக்கலாம். பாவனையில் இல்லை என்று சொன்னால் இணைப்பை நிறுத்திவிட்டார்கள், உடனே நிறுவனத்தோடு பேச வேண்டும். வேறு ஆள் எடுத்தால் மேலே கிண்ணியாத் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

அமெரிக்காவில் 3ஜி 2022இலேயே மூடியாகிவிட்டது. 'ஓடிபிக்கு ஒரு பழைய போன்' என்ற பழக்கத்தை எல்லோரும் விட வேண்டிய காலம் இது.

கேள்வி: அக்கா, பாரிஸில் இருந்து எழுதுகிறேன். டவுனுக்குள் எங்கள் வீட்டில் 026 தரைவழிப் போன் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தனியே இருக்கிறார். கையில் ஸ்மார்ட் போனும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். "ஒருவரும் எடுக்காத போனுக்கு மாதாமாதம் பில் கட்டுவானேன்" என்று தம்பி வெட்டச் சொல்கிறான். நான் வேண்டாம் என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கடையில் ஒரு கொப்பி இருந்தது. சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் எங்கள் நம்பரைத்தான் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை எடுத்து, "அக்கா, பாலையூற்றில் எங்கட அம்மாவை ஒருக்கா கூப்பிடுங்கோ, அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுக்கிறன்" என்பார். நான் பையனைச் சைக்கிளில் அனுப்புவேன். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்தவர்களும் கடைசியில் அந்த நம்பருக்குத்தான் எடுத்துத் தங்கள் ஆட்களை விசாரித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு லைன் வேலை செய்த நேரமெல்லாம் லண்டன், கனடா, சுவிஸ் என்று மாறி மாறி மணி அடித்தது. பெயரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, "பார்த்தீங்களா அக்கா?" என்று கேட்டார்கள். அந்த நம்பரை நான் மாற்றியிருந்தால் அவர்கள் யாரைக் கேட்டிருப்பார்கள்? மாறாத ஒரு நம்பர் ஊரில் இருப்பதன் மதிப்பை அந்தக் கிழமையில் கண்ணால் கண்டேன்.

உங்கள் அம்மாவின் 026 அப்படிப்பட்டது. அயலவருக்குத் தெரியும், கோயில் ஆட்களுக்குத் தெரியும், பழைய வைத்தியருக்கும் தெரியும். அம்மாவுக்கும் அது மனப்பாடம். ஸ்மார்ட் போன் சார்ஜ் இறங்கிப்போய் இருக்கும், சைலன்ட்டில் இருக்கும், குளிக்கப் போகும்போது கட்டிலில் கிடக்கும். தரைவழிப் போன் இருக்கிற இடத்திலேயே இருந்து அடிக்கும். அம்மா எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்காவது கேட்கும்.

ஒன்றை மட்டும் விசாரியுங்கள். வீட்டுக்கு வருவது பழைய செப்புக் கம்பியா, ஃபைபரா? செப்புக் கம்பி என்றால் போனுக்கான மின்சாரம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் இருந்து அந்தக் கம்பியிலேயே வரும், வீட்டில் கரண்ட் போனாலும் சாதாரணப் போன் வேலை செய்யும். ஃபைபர் என்றால் ரவுட்டருக்குக் கரண்ட் வேண்டும், கரண்ட் போனால் போனும் போய்விடும். மாரி காலத்தில் காற்றும் மழையும் என்று எங்கள் பக்கம் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியாததா? ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மின்சாரம் தருகிற பெட்டரிப் பெட்டி) வாங்கிக் கொடுங்கள். பில்லைப் பாரிஸில் இருந்தே இணையத்தில் கட்டலாம், தம்பிக்கு அந்த வேலை இருக்காது.

கேள்வி: மூதூரில் இருந்து எழுதுகிறேன். டுபாய் போகிறேன். என் சிம்மை நண்பன் கேட்கிறான், அதில் நல்ல டேட்டா பெக்கேஜ் இருக்கிறது. கொடுத்துவிட்டுப் போகலாமா? அவன் பாவித்தால் நம்பரும் உயிரோடு இருக்கும்தானே.

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. அந்த நம்பர் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிறது. நண்பன் நல்லவனாகவே இருக்கட்டும், அவன் அதை இன்னொருவனுக்குக் கொடுத்து, அவன் யாரையாவது மிரட்டினால் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. உங்களுடைய வங்கி ஓடிபியும் அவன் கையில்தான் விழும். நண்பனுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றால் வங்கி, வட்ஸ்அப் எல்லாவற்றையும் முதலில் வேறு நம்பருக்கு மாற்றுங்கள், பிறகு கிளையில் முறைப்படி அவன் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கு நம்பர் வேண்டுமென்றால் சிம்மையும் கொண்டுபோங்கள். டுபாயில் வட்ஸ்அப் செய்தி போகும், வட்ஸ்அப் கோல் போகாது. வீட்டோடு பேச அங்கே அனுமதித்திருக்கிற பொடிம் போன்ற செயலியைப் போடுங்கள், உம்மாவின் போனிலும் போகமுன் போட்டு, ஒரு தடவை எடுத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.